பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

மூக்கு அரிக்கிறது. அசையக் கூடாது என்று சொன்ன அந்த நொடியிலேயே ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்தொன்பது வருஷமாக என்னோடு இருக்கிற மூக்கு, ஒரு நாளும் இப்படி நடந்துகொண்டதில்லை. கல்யாண வீடுகளில், எழவு வீடுகளில், வருமான வரி ஆபீசர் எதிரே, எங்கேயும் கௌரவமாக இருந்த மூக்கு. இங்கே வந்து மானத்தை வாங்குகிறது. மூச்சை எப்போதும் போல விடுங்கப்பா, இடுப்பு மட்டும் ஆடாம பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் ஜெசிந்தா. ஸ்கேன் எடுக்கிறவள். அவளுக்கே நாற்பத்தைந்து இருக்கும், நான் எந்தக் கணக்கில் அவளுக்கு அப்பா. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் எல்லாரும் எல்லாருக்கும் அப்பா அம்மா ஆகிவிடுகிறார்கள். கடையில் என்னை முதலாளி என்பார்கள், செண்பகம் என்னங்க என்பாள், பேங்கில் தாயுமானவன் சார். இங்கே அப்பா. இந்தக் குழாயின் மேல்பக்கம் என் மூக்கு நுனிக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. ஒரு சாண் இருக்குமா. கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும். திறக்க மாட்டேன். கொஞ்சம் முன்னால், முதல் தடவை உள்ளே போனபோது திறந்துதான் வம்பு. கொஞ்ச நேரத்திலேயே, முடியாவிட்டால் அமுக்குங்க என்று கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டேன், வெளியே இழுத்தார்கள், என்ன ஆச்சு என்று ஜெசிந்தா கேட்டாள், ஒண்ணுமில்லை, பந்து வேலை செய்யுதான்னு பாத்தேன் என்றேன். பாத்திரக்கடைக்காரன் எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுபடி உள்ளே தள்ளிவிட்டாள், அடுக்களையில் கீழ் அலமாரிக்குள் தாம்பாளத்தைத் தள்ளுவது போல.

ஆரம்பித்துவிட்டது. டக் டக் டக் டக். காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்ஃபோன், அதையும் மீறி டக் டக் டக். யாரோ பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அகப்பையால் அடிக்கிறார்கள். எனக்கு இது பயமில்லை, சத்தத்தில் பிழைத்தவன் நான். பெரிய கடை வீதியில் எங்கள் கடை, எவர்சில்வர், பித்தளை, சீர் சாமான். காலையில் ஷட்டர் தூக்குவதிலிருந்து ராத்திரி அடுக்கி முடிக்கிற வரைக்கும் ஏதாவது ஒன்று விழுந்து உருண்டுகொண்டே இருக்கும். எது விழுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன், குத்துப்போணி, இட்லிக் கொப்பரை, டபரா. ஆனால் இந்த அண்டா என்கிற வார்த்தையை நினைத்திருக்கக் கூடாது. அண்டா என்றதும் இடுப்பில் அந்த இடம், வலதுபக்கம், ஒரு தடவை சுருக்கென்கிறது. அசையக் கூடாது. முசிறியிலிருந்து சீர் வாங்க வந்த கூட்டம், பொண்ணுக்கு அத்தைக்காரி ஒருத்தி, இந்த அண்டா வெய்ட்டே இல்லையே, தகடு லேசாத் தெரியுதே என்றாள். தகடு லேசா. நான் ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நானே குனிந்து இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, பாருங்கம்மா என்று அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். நீட்டினவன் நீட்டினபடியே நின்றுவிட்டேன். அண்டாவை என் கையிலிருந்து எடுக்க இரண்டு பேர், என்னை நிமிர்த்த மூன்று பேர். அந்தம்மா கடைசியில் அண்டாவை வாங்கிக்கொண்டுதான் போனாள், கனமாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டு. இதெல்லாம் நடந்தது ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்த அடுத்த வாரம். அதைத்தான் செண்பகம் குத்திக் காட்டுகிறாள். வாயால் இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது, கரெக்டா இப்பப் பாத்து பிடிச்சிருக்கு பாருங்க என்றாள், அவ்வளவுதான். இடுப்புக்கு எப்படித் தெரியும் டிக்கெட் எடுத்தது. இடுப்பு என்ன காலண்டரா பார்க்கிறது. ஆனால் அதற்கப்புறம் நானே இரண்டு மூன்று தடவை யோசித்துப் பார்த்தேன். ஆளைக் கூப்பிடாமல் நான் ஏன் குனிந்தேன்.

சத்தம் மாறுகிறது. இப்போது வேறு மாதிரி, கர்ர்ர் என்று, நடுவில் நிறுத்தி நிறுத்தி. இது கொஞ்சம் கல்லாறுக்கு அப்புறம் பல்சக்கரம் பிடிக்கிற மாதிரி. இப்படித்தான் இருக்க வேண்டும், நான் கேட்டதில்லை, ஆனால் இப்படித்தான் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிற வண்டி கல்லாறு வரைக்கும் சமதரையில் சாதாரணமாக ஓடும், அதற்கப்புறம் மலை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் பல்லாக இன்னொரு சட்டம், எஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் இருந்து தள்ளும். பெட்டிகள் முன்னே, எஞ்சின் கடைசியில். இதை ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். குக்கர் வாங்க வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், குக்கரும் நீராவிதானே என்று பேச்சை ஆரம்பித்தால் எளிதாக ஊட்டிக்குக் கொண்டுபோய்விடலாம். செண்பகத்துக்கு முதலில் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, அப்ப முன்னாடி வழி யாரு பாக்குறது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு ஆள் நின்று கொடியோடு பார்ப்பான், பிரேக் பிடிப்பான் என்றேன். அப்ப அவன்தான் ஓட்டுறான், எஞ்சின் சும்மா தள்ளுது என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது. எப்படிச் சொன்னாலும் அப்படிச் சொல்லக் கூடாது. குன்னூர் வரைக்கும்தான் நீராவி, அப்புறம் டீசல் எஞ்சின் மாற்றிவிடுவார்கள், அதனால் குன்னூரோடு என் திட்டம் இறங்கிவிடும், ஊட்டிக்குப் போகாது. அங்கே போக பஸ் இருக்கிறதே. குன்னூரில் ஒரு நாள், இறங்கி, கோயமுத்தூர், சென்னை, அங்கிருந்து நியூ ஜல்பைகுரி. டார்ஜிலிங் வண்டி இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஓடும், எஞ்சின் முன்னாலேயே இருக்கும், அதன் மூஞ்சியில் இரண்டு பேர் உட்கார்ந்து வழுக்காமல் இருக்க மணல் தூவிக்கொண்டே வருவார்கள். மணல் தூவுகிற வேலை. கோலம் போடுகிற மாதிரி. அதைச் சொன்னபோது மட்டும் செண்பகம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள் என்று ஞாபகம். திட்டம் முழுக்க மனசிலேயே இருக்கிறது, எங்கும் எழுதவில்லை, எழுதினால் மாற்ற முடியாது. எனக்கு எப்போதும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். மழைக்கு முன்னாலா, மழைக்கு அப்புறமா. மழைக்கு முன்னால் என்றால் கூட்டம், அப்புறம் என்றால் மண் சரிவு.

மண் சரிவு. கல்யாணமாகி ஐப்பசியில் போனோம். எங்கப்பா வேண்டாம் என்றார், மாமனார் வேண்டாம் என்றார், அடைமழையில் யாராவது மலைக்குப் போவார்களா என்று. நான்தான் விடவில்லை. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் இறங்கி நின்றால், பாதையில் மண் விழுந்துவிட்டது, வண்டி கிடையாது என்றார்கள். எஞ்சின் மட்டும் ஷெட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றது, நீலமாக, சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினவனைப் போகாதே என்று சொன்ன மாதிரி. பஸ்ஸில் போனோம். புதுப்பெண், எனக்கு அவளிடம் சரியாகப் பேசக்கூட வராது, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். நான் அந்தப் பக்க ஜன்னலில் எட்டி எட்டி, அதோ ரயில் பாலம், அதோ இன்னொண்ணு, என்று காட்டிக்கொண்டே போனேன். அவளுக்குப் பாலம் தெரிந்திருக்காது. குன்னூரில் இறங்கியதும் ஒரு கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன், முகம் கழுவிக்கொண்டாள், முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுத்த தடவை ரயில்ல வருவோங்க என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் முழு வாக்கியமோ என்னவோ. அதற்கப்புறம் அடுத்த தடவை வந்துகொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. பெரியவளுக்குப் பரீட்சை. சின்னவளுக்கு அம்மை. மாமியார் கால் முறிவு. பக்கத்தில் புதிதாக ஒரு பாத்திரக்கடை. ஒரு வருஷம் எல்லாம் கூடி வந்தது, அப்போதுதான் எஞ்சினுக்குக் கரிக்குப் பதிலாக எண்ணெய் ஊற்றுகிறார்களாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், எண்ணெய் எஞ்சினில் போவதா கரி எஞ்சின் வரும்வரை பொறுப்பதா என்று விசாரித்துக்கொண்டிருந்ததில் மழைக்காலம் வந்துவிட்டது. டிக்கெட்டை நான் எடுக்கவில்லை. அவளே ஒரு நாள் காய்கறிப் பையோடு ஜங்ஷனுக்குப் போய் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டு வந்தாள். முருங்கைக்காய்க்கு நடுவிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். ரெண்டு பேருக்கு, அடுத்த மாசம் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிற்றில் ஏதோ குளிர்ந்த மாதிரி இருந்தது, அதுவும் சந்தோஷம்தானே.

சத்தம் நின்றுவிட்டது. முடிந்ததா. இல்லை, நடுவில் விடுவார்களாம். நின்ற பிறகும் உள்ளே எங்கோ சிக்கு சிக்கு சிக்கு சிக்கு என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்டேஷனில் நிற்கிற எஞ்சின் மூச்சு விடுவது போல. இந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. இதை மட்டும் போட்டு மற்றதை எல்லாம் எடுத்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடப் படுத்திருப்பேன். சரி. ஆட்டோவில் வரும்போது அவள் சொன்னதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நான் சொன்னது நியாயமான பேச்சு. ஸ்கேன்ல ஏதாவது வந்துட்டா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாம் என்றேன். அதற்கு ஒரு பெண்டாட்டி என்ன சொல்ல வேண்டும். அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க என்று சொல்ல வேண்டும். இல்லை, உங்க உடம்பவிட ரயில் பெருசா என்று கேட்க வேண்டும். இவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, நீங்க வரலேன்னா நான் மட்டும் போயிட்டு வர்றேன் என்றாள். நான் மட்டும். தில்லை நகர் திருப்பத்தில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, எனக்கு உயிர் போய் வந்தது, அந்த வலியில் அதை அப்படியே விட்டுவிட்டேன். இப்போது படுத்த இடத்தில் அது எழுந்து நிற்கிறது. நான் மட்டும் போயிட்டு வர்றேன். கடைக்குப் போயிட்டு வர்றேன் என்கிற மாதிரி. சமயபுரம் போயிட்டு வர்றேன் என்கிற மாதிரி. என் ரயிலுக்கு. ஸ்டீம் எஞ்சின் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறவள், எதில் ஏறினாலும் ஏறின அடுத்த நிமிஷம் தூங்கிப்போகிறவள். கல்லாறு வரைக்கும்கூட முழித்திருக்க மாட்டாள். பல்சக்கரம் கவ்வுகிற நேரத்தில் குறட்டை விடுவாள். விளையாட்டுக்குச் சொன்னாளா. அவள் விளையாட்டுக்குப் பேசி நான் பார்த்ததில்லை. கோபத்தில் சொன்னாளா. கோபமென்றால் சாம்பாரில் தெரியும், காலையில் சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. அவள் அண்ணன் வைத்தியலிங்கம் சொல்லிக் கொடுத்திருப்பாரோ. இல்லை, மச்சானுக்கு அந்த ரயிலே ஆகாது. பஸ்ல ரெண்டு மணி நேரத்துல போற எடத்துக்கு எதுக்கு மாப்ளே அஞ்சு மணி நேரம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் பதில் சொல்வேன். நான் பதில் சொல்லும்போது செண்பகம் அடுக்களையில் இருப்பாள். கேட்டுக்கொண்டிருந்தாளா. கேட்டுக்கொண்டா இருந்தாள்.

டடடடடடடட. இது மோசம். முன்னால் போட்டதெல்லாம் சாமான் விழுகிற சத்தம், இது கடையே விழுகிற சத்தம். பலகை நடுங்குகிறது, முதுகு சூடாகிற மாதிரி இருக்கிறது. வேறு எதையாவது நினை. ரயிலை நினை. கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீட். மொத்தம் பதினாறு குகை. ஒவ்வொரு குகைக்குள் போகும்போதும் பசங்கள் எல்லாம் ஓவென்று கத்துவார்களாம். பதினாறு குகை என்று எத்தனை ஆசையாகச் சொல்லியிருக்கிறேன், பாறையைக் குடைந்தது, வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் கை நீட்டினால் தட்டும் என்று. எவ்வளவு இடைவெளி இருக்கும். ஒரு சாண். ஐயோ, ஏன் இதை நினைத்தேன். குகைக்குள் வண்டி நின்றுவிட்டால். எஞ்சின் பின்னால், பெட்டி முன்னால், புகை மொத்தமும் உள்ளே. எனக்குக் குகை ஆகாது. எனக்குக் குகை ஆகாது என்று இப்போதுதான் தெரிகிறது, ஐம்பத்தொன்பது வயதில், பதினாறு குகைக்கு டிக்கெட் எடுத்த பிறகு. இத்தனை காலமும் வீட்டு மொட்டை மாடியில் காற்றாட உட்கார்ந்து குகைகளைக் கடந்திருக்கிறேன். கண்ணைத் திறக்காதே. திறக்காதே. திறந்துவிட்டேன். வெள்ளையாக, மிக அருகில், ஒரு சாண்கூட இல்லை, நாலு விரற்கடை. மூச்சு எங்கே போனது. கை தானாக அமுக்குகிறது, அமுக்கிக்கொண்டே இருக்கிறது, பந்து நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பாதி வெளியே இழுத்தார்கள். ஜெசிந்தா கோபப்படவில்லை, அதுதான் அவமானமாக இருந்தது. பாதி எடுத்தது வீணாப் போச்சுப்பா, மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாமா, இல்லே யாராவது கூட இருந்தா தேவலையா என்று கேட்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, வெளியில என் சம்சாரம் இருக்காங்க என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை, அப்பா என்று கூப்பிடுவதற்குப் பொருத்தமான குரல்தான். கதவுப் பக்கம் பேச்சு கேட்டது. இரும்பு எதுவும் இருக்கக் கூடாதும்மா, காந்தம் இழுத்துடும், செயின், வளையல் எல்லாம் கழட்டிடுங்க. தாலியைக் கழட்ட மாட்டேன் என்றாள் செண்பகம். தங்கம் பரவாயில்லம்மா, அதுல என்ன இவ்வளவு ஊக்கு. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. செண்பகத்தின் தாலிச்சரடில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு தொங்கும், சேலை முந்தானைக்கு, பேத்தி கவுனுக்கு, பையின் கிழிந்த ஜிப்புக்கு, அவசரத்துக்கு யார் கேட்டாலும் கொடுக்க. ஜெசிந்தா ஒரு தட்டைப் பிடித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றாக டிங், டிங் என்று விழுந்தது. எவர்சில்வர் தட்டு, லேசான தகடு. விழுந்துகொண்டே இருந்தது. எல்லாம் எடுத்தாச்சாம்மா. இருங்க, ஜாக்கெட்டுல ரெண்டு இருக்கு. படுத்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு. அவள் உள்ளே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, என் முகம் இருக்கிற பக்கம் வராமல் கால் பக்கமே உட்கார்ந்து, வலது கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள். பயமா இருந்தா விரல ஆட்டுங்க என்றாள். ஆட்டக் கூடாதாம் என்றேன். அப்ப சும்மா இருங்க என்றாள்.

மறுபடி உள்ளே. டக் டக் டக் டக். முதலிலிருந்து. விரலைப் பிடித்திருக்கிறாள், விடவில்லை, இறுக்கியும் பிடிக்கவில்லை, முருங்கைக்காய் முற்றலா என்று பார்க்கிற பிடி. கை சில்லென்று இருக்கிறது. அவளுக்கும் பயமோ. இல்லை, இந்த அறையே குளிர்தான். கண்ணைத் திறக்கவில்லை. கர்ர்ர். கல்லாறு. சத்தம் நின்றது. சிக்கு சிக்கு சிக்கு. இப்போது கேட்கலாம், இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன், முகம் பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை இது. செண்பகம், நெசமாவே நீ தனியாப் போவியா என்று குழாய்க்குள்ளிருந்து கேட்டேன். உடனே ஹெட்ஃபோனில் ஜெசிந்தா, அப்பா பேசாதீங்க, படம் கலங்கிடும் என்றாள். காதைப் பஞ்சு அடைத்திருக்கிறது, செண்பகம் சொன்னது தூரத்தில் கேட்டது.

"போவேன்."

ஒரே வார்த்தை, அதற்குள் டடடட ஆரம்பித்துவிட்டது, அதற்கு மேல் ஏதாவது சொன்னாளா தெரியாது. போவேன். சரி, போ. போயேன். யார் வேண்டாம் என்றது. ஆனால் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியுமா உனக்கு. இடது பக்கம் உட்கார வேண்டும், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம், வலது பக்கம் உட்கார்ந்தால் பாறையைத்தான் பார்ப்பாய். யாராவது வந்து கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா என்றால் உடனே தள்ளி உட்கார்ந்துவிடுவாய், உன்னைத் தெரியாதா. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாதே, கண்ணில் கரி விழும். விழுந்தால் கசக்காதே. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள், எல்லாரும் இறங்குவார்கள், நீயும் இறங்கு, டீ கிடைக்கும், வடை வாங்கினால் முந்தானைக்குள் வை, குரங்கு இருக்கிறது. தூங்காதே. தூங்கினாலும் கல்லாறில் முழித்துக்கொள், பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லி வை. பக்கத்தில் யார் இருப்பார்கள். வடக்கத்திக் குடும்பம் ஒன்று இருக்கும், இந்த ரயிலுக்கென்றே வருவார்கள், குழந்தை இருக்கும், குழந்தைக்குப் பொத்தான் அறுந்திருக்கும், இவள் ஊக்கு எடுத்துக் குத்திவிடுவாள். பாஷை தெரியாது, அதனால் என்ன, பாதி வழிக்குள் அந்தக் குழந்தை இவள் மடியில் இருக்கும். எஞ்சின் எங்கே என்று அவர்கள் கேட்பார்கள், இவள் கையை மடக்கிப் பின்னால் காட்டுவாள், பின்னாடி, பின்னாடி, தள்ளுது. பல் இருக்கு என்று தன் பல்லைக் காட்டுவாள். அவர்களுக்குப் புரியும். குகை வரும், குழந்தை கத்தும், இவள் அதன் காதைப் பொத்துவாள், தன் காதைப் பொத்த மாட்டாள். இரண்டாவது குகை. மூன்றாவது. வெளியே வந்தால் வெயில், பாலத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு ஓடை. பார் செண்பகம். பார்க்கிறாள். வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறாள், மூக்குத்தியில் வெயில். இந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லையே. இத்தனை வருஷம் அந்த மலையை ஏறியிருக்கிறேனே, மொட்டை மாடியில், கடையில், தூக்கம் வராத நேரமெல்லாம், ஒரு தடவைகூட இவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேனா. நான் வாசலில் தொங்கிக்கொண்டே போவேன். பை யாரிடம் இருந்தது. பையை யாரோ வைத்திருந்தார்கள். இப்போது நான் இல்லாத வண்டி எவ்வளவு நன்றாகப் போகிறது. ஒன்பதாவது குகையோ பத்தாவதோ, எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது, அந்தக் குழந்தை தூங்கிவிட்டது, இவள் தூங்கவில்லை.

"முடிஞ்சதுப்பா. அழகாப் படுத்திருந்தீங்க" என்று ஜெசிந்தா சொன்னபோது நான் ரன்னிமீட் தாண்டியிருந்தேன். பலகை வெளியே வந்தது. சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டேன், அரிப்பு எப்போதோ போயிருந்தது, இருந்தாலும் சொறிந்தேன். என்ன தெரியுதும்மா, இடுப்புல என்று கேட்டேன். டாக்டர் பாத்து சாயங்காலம் சொல்லுவாருப்பா, நான் சொல்லக் கூடாது என்றாள், ஆனால் முகத்தைப் பார்த்தால் ஏதோ இருக்கிற மாதிரிதான் இருந்தது. இரண்டு பேருமாக என்னை எழுப்பி உட்கார வைத்தார்கள். ஜெசிந்தா அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள். கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். செண்பகம் என் விரலை விட்டுவிட்டாள், விட்ட இடம் குளிர்ந்தது. ஏன் என்று மட்டும் கேட்டேன். எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"நீங்க சொல்லிச் சொல்லி எனக்கு ஆசை வந்துருச்சு" என்றாள். "உங்களுக்குச் சொன்னதோட தீந்துருச்சு போல."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பை அணைச்சாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னாள். எனக்கு மறுத்துப் பேச வாயில் எல்லாம் வந்தது, எண்ணெய் எஞ்சின், மாமியார் கால், அம்மை, பக்கத்துக் கடை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒன்றுகூட ஏறவில்லை. அந்த நாள் முருங்கைக்காய்க்கு நடுவிலிருந்து டிக்கெட் வந்தபோது வயிறு குளிர்ந்ததே, அது சந்தோஷம் இல்லை. போய்விட்டு வந்துவிட்டால் அப்புறம் மொட்டை மாடியில் உட்கார்ந்து எதை ஏறுவது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் தலையை ஆட்டினாள், பாதி பதிலை நானே சொல்லிவிட்ட மாதிரி. அப்புறம் அவள் பேசினாள், நான் கேட்டேன், எங்கள் வீட்டில் இது வழக்கமில்லை. ரிப்போர்ட் நல்லபடியா வந்தா ரெண்டு பேரும் ரயில்ல போவோம். இல்லையா, கோயமுத்தூர்ல ஒரு காரைப் பிடிச்சு பின் சீட்டுல நீங்க படுத்துக்குங்க, மெதுவா ஓட்டச் சொல்லுவோம், என்னை மேட்டுப்பாளையத்துல ஏத்திவிட்டுட்டு நீங்க முன்னாடி குன்னூர் போயி ஸ்டேஷன்ல நில்லுங்க. நிக்க முடியலேன்னா உக்காருங்க. நான் இறங்குறப்ப யாராவது ஒருத்தர் இருக்கணும்ல.

யாராவது ஒருத்தர். அந்த ஒருத்தர் நான்தான் என்றதும் மனசு திட்டம் போட ஆரம்பித்துவிட்டது. குன்னூர் பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் நிற்பது. முன்பெட்டியா பின்பெட்டியா, டிக்கெட்டில் போட்டிருக்குமா. காலையில் ரெண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டால் எங்கே சாப்பிடுவது. பனி இருந்தால் தூரத்திலிருந்து அடையாளம் தெரியுமா. கொண்டுபோகிற மப்ளர் அவளுக்கா எனக்கா. கையில் சோடா வைத்திருக்க வேண்டுமா, ரயிலில் வாந்தி வராதே, காபியாக இருக்கட்டும். ஃப்ளாஸ்க். ஃப்ளாஸ்க் வைத்தியலிங்கத்திடம் இருக்கிறது, கேட்டால் அவரும் வருவேன் என்பார். அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும். கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும், புடவையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

"என்ன புடவை கட்டுவ?" என்று கேட்டேன்.

"கரி படிஞ்சா தெரியாத புடவை" என்றாள் செண்பகம். "எடுத்து வெச்சாச்சு."